பந்தியில் ‘போதும்’ எனல்: ஓர் ஆய்வு

கல்யாணப் பந்தியில் வயிற்றில் இடமிருக்கும்போதே பாயச வாளியைக் கண்டு ஒருவர் ‘போதும்’ என்பது ஏன்? ஆய்வேட்டு மரபுப்படி தொல்காப்பியத்தில் தொடங்கியாக வேண்டும். அதில் பாயசம் இல்லை. எனினும், நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நின்றதும், அந்நூல் கூறும் அச்சம், இளிவரல், வெகுளி ஆகிய மூன்று மெய்ப்பாடுகளும் ஒருசேரத் தோன்றுவதால் முதல் இயல் நிறைவுற்றது.

இரண்டாம் இயல், மேலைநாட்டார் கருத்து. 1950-களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ், கோடுகளைக் காட்டி எது எதற்குச் சம நீளம் என்று கேட்டார். கூட இருந்தவர்கள் அவர் முன்பே சொல்லிவைத்தபடி தவறாகச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது அந்தத் தவறையே தாமும் சொன்னார்கள். கண்ணெதிரே கிடந்த கோட்டுக்கே இந்தக் கதி.

இனி வகைப்பாடு.

மெய்ப்போதும்: அரிது.

இலை மடித்தல்: பக்கத்து இலையைப் பார்த்து மடிக்க.

பொய்ப்போதும்: இதுவே நம் ஆய்வுப்பொருள். வரிசையின் முதல் இலைக்காரருக்குச் சர்க்கரை, அவர் மறுக்கிறார். இரண்டாமவர் அவரைப் பார்த்து மறுக்கிறார், மூன்றாமவர் இரண்டாமவரைப் பார்த்து. இப்படி ஒருவருடைய சர்க்கரை வரிசை முழுவதற்கும் பரவுகிறது (சித்தப்பா, வாய்மொழி, முதல் பந்தி). மறுக்கும் கையிலும் நுட்பம் உண்டு. இலையை முழுதாக மூடினால் மறுப்பு; விரலிடுக்கு விட்டு மூடினால் விண்ணப்பம் (மேற்படி சித்தப்பா, ரசத்துக்குப் பின்). இடுக்கைக் கவனியாமல் வாளியோடு நகர்ந்துவிடுபவர் தொழிலுக்குப் புதியவர்; தேர்ந்தவரோ இரண்டாம் ‘போதும்’ வரை காத்திருந்து, மூன்றாவது வருமுன் ஊற்றிவிடுவார் (மேற்படி, கை கழுவும் தொட்டியருகே; வாயில் வெற்றிலை இருந்ததால் இரு சொற்கள் சிதைந்துள்ளன; பாடபேதம் சித்தியிடம் உண்டு; இருவரும் பேசிக்கொள்வதில்லையாதலால் ஒப்புநோக்க இயலவில்லை).

இத்தொற்று கருத்தரங்குகளிலும் உண்டு. தலைவர் ‘அரிய ஆய்வு’ என்றதும், அதுவரை தூங்கியவரும் ‘அரிய ஆய்வு’ என்கிறார். அங்கே பாயசமும் கிடையாது.

தீர்வையும் ஆஷ் சொல்லியிருக்கிறார்: கூட ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், பெரும்பான்மையின் பிடி வெகுவாகத் தளர்ந்துவிடுகிறது. ஆகவே, அடுத்த முகூர்த்தத்தில் என் இடப்பக்கம் உட்காரப்போகும் அன்பரே, தயவுசெய்து இரண்டாம் முறை பாயசம் கேளுங்கள். நான் உங்களுக்குப் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.