செடிக்கு ஊசியா?

கேள்வி: நீட்டில் மார்க் போதவில்லை. பி.எஸ்ஸி. தாவரவியல் சேரலாம் என்றால், ‘செடிக்கு ஊசி போடப் போறியா?’ என்கிறார் மாமா. என்ன செய்ய?
(ஒரு வாசகி, தேனி)

பதில்: மாமாவுக்கு மலேரியா வந்தால் காப்பாற்றும் ஆர்ட்டெமிசினின், ஒரு செடியில் கிடைத்ததுதான். கண்டுபிடித்த தூ யூயூவுக்கு 2015-இல் மருத்துவ நோபல்! சேருமுன் கல்லூரி ஆய்வகத்தை எட்டிப் பாருங்கள். வெங்காயத் தோலை உரித்து, சாயமிட்டு, மைக்ராஸ்கோப்பில் நீங்களே பார்க்கலாமா, இல்லை நாற்பது பேருக்கு ஒன்றா? துணைப்பாடமாக வேதியியல் இருக்கிறதா? கணக்குக்குப் பயந்து உயிரியலுக்கு ஓடிவந்திருந்தால், புள்ளியியல் வாசலிலேயே காத்திருக்கும். மூன்றாம் ஆண்டில் ‘ஜாம்’ எழுதினால் ஐ.ஐ.டி. எம்.எஸ்ஸி.க்கு வழியுண்டு, ரொட்டியில் தடவுகிற ஜாம் அல்ல, நுழைவுத் தேர்வு. ரெக்கார்டு நோட்டை மட்டும் சீனியரைப் பார்த்துக் காப்பியடிக்காதீர்கள்.