கடைசி வீரரின் வயது

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசி வீரர் என்று கொண்டாடப்பட்ட வால்டர் வில்லியம்ஸ், 1959 டிசம்பரில் ஹூஸ்டனில் காலமானார். வயது 117 என்றார்கள். ஜெனரல் ஹூட்டின் படைக்குத் தீனி தேடிக் கொண்டுவந்தவராம். அதிபர் ஐசனோவரே துக்கம் அனுசரிக்கச் சொன்னார்.

அந்த வருஷமே ஒரு நிருபர் பழைய ஏட்டைப் புரட்டியிருந்தார். 1860 மக்கள்தொகைக் கணக்கில் நம்ம வீரருக்கு வயது 5! 1865-இல் போர் முடிந்தபோது, படைக்கு மாடு பிடித்திருந்தாலும் அதன் வாலாவது எட்டியிருக்குமா?

கடைசி ஆளாக இருப்பதில் ஒரு சௌகரியம்: “அடேய், புளுகாதே” என்று சொல்ல, கூடப் படுத்து எழுந்த சிப்பாய் ஒருத்தனும் மிச்சமில்லை.

பாவம், கணக்குப்படி பார்த்தாலும் பெரியவர் நூறைத் தாண்டியவர்தான். ஆனால் வெறும் நூற்றுச் சொச்சத்துக்கு யார் ராணுவ மரியாதை தருவார்கள்?