கழுவாதே மருமவனே!

தெரு முனையில வரும்போதே தின்னர் வாடை தூக்குச்சு. வந்து பாத்தா பூவரசு மரத்தடியில உங்கய்யா வள்ளம் குப்புறக் கிடக்கு. பக்கத்துல பெயின்ட் டப்பா நாலு, ரோலர் ரெண்டு, பிரஷ் மூணு. உப்புத்தாள் மட்டும் ஒரே ஒரு துண்டு, அதையும் மடிச்சுச் சட்டைப் பையில வச்சிருக்க. சபாஷ்! உழைக்கப்போற ஆளுக்கு அதுதான் அடையாளம்.

பெயின்டர் வரலையாக்கும்? எப்படி வருவான்? ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடை. கரையில நிக்குத விசைப்படகுக்கெல்லாம் மராமத்து நடக்கு, அவன் அங்க கிடக்கான். நீயும் செல்போன்ல வெள்ளைக்காரன் பத்து நிமிசத்துல போட்டைப் புதுசாக்குத வீடியோவப் பாத்துட்ட. அந்தப் பத்து நிமிசத்துக்குள்ள எத்தனை நாள் வேலைய வெட்டி எறிஞ்சிருக்கான்னு நான் எதுக்குச் சொல்லணும்? எனக்கென்ன.

முதக் காரியம், கழுவாதே. உப்பும் மீன் பிசுக்கும் இருந்தாத்தான் வள்ளத்துக்கு ஒரு மணம். மினுமினுப்புக்குன்னு உங்கய்யா தடவுன எண்ணெய், போன பொங்கலுக்கு நீ வந்து பூசுன கார் பாலிஷ், ஒண்ணையும் தொடாத. பாலிஷ்ல சிலிக்கோன் கலந்திருந்தா இன்னும் விசேசம். பெயின்ட் அந்த இடத்துல ஒட்டாம குழி குழியா விலகி நிக்கும், காசில்லாம ஒரு டிசைன் கிடைக்கும்.

டிசைன் வேண்டாங்கிற ரசனை கெட்டவனுவதான் சோப்புத் தண்ணி போட்டு, நல்ல தண்ணியில அலசி, அசிட்டோன்ல நனைச்ச துணியால ஒரு தடவை துடைப்பானுவ. அது காயுறதுக்குள்ள வேற துணியால ஒத்தியும் எடுப்பானுவ. அதையும் தேய்க்குதுக்கு முன்னாலயே முடிச்சிருவானுவ. மெழுகு இருக்கும்போதே உப்புத்தாளப் போட்டா அது போவாது, கீறலுக்குள்ள போயிக் குடியிருக்கும் பாத்துக்கோ. கடைசியா ஒரு செம்பு தண்ணி ஊத்திப் பாப்பானுவ. முத்து முத்தாத் திரண்டா பிசுக்கு இன்னும் இருக்கு, பரவி ஓடுனா சுத்தம். செலவில்லாத சோதனை. அதனாலதான் ஒருத்தனும் செய்யுததில்ல.

அடுத்தது தேய்ப்பு. விரலால தடவிப் பாரு, வெள்ளை மாவா ஒட்டும். வெயில்ல செத்துப்போன ஜெல்கோட்டு அது. பைபருக்கு மேல்தோலு. கனம் சுமாரா அரை மில்லிமீட்டர்தான். நீ பக்கத்து வீட்டு கிரைண்டரக் கடன் வாங்கி, 40 நம்பர் தாள மாட்டி ஒரு இழு இழுத்துப் பாரு, உள்ள இருக்க கண்ணாடி மேட்டு பல்லக் காட்டும். பொறுமைசாலி 120ல தொடங்கி 220க்குப் போயி, பிரைமர் அடிச்சு, அது காஞ்ச பொறவு 320ல லேசாத் தடவுவான். முகமூடி, முழுக்கைச் சட்டை வேற போடுவான், பயந்தாங்கொள்ளி. நீ வெத்து உடம்போட நின்னு தேய். கண்ணாடித் தூசு தோல்ல இறங்கினா ராத்திரி சொறிஞ்சுகிட்டே நட்சத்திரம் எண்ணலாம்.

2004 சுனாமிக்குப் பொறவு கட்டுமரம் குறைஞ்சு பைபர் பெருகுனப்போ வந்த வள்ளம் இது. 20 வருசத்துக்கு மேல ஆச்சு. பாதி நாள் துறையிலயே மிதந்து கிடந்தது. அதான் அடியில கொப்புளம் கொப்புளமா இருக்கு. ஒண்ணக் குத்திப் பாரு, காடி வாடையோட தண்ணி பீச்சும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோ. அதையெல்லாம் திறந்து, நல்ல தண்ணியால அலசி, வாரக்கணக்குல காயவிட்டு எப்பாக்சி பட்டி வைக்கணும்னு ஒரு கூட்டம் சொல்லும். நீ கார் பட்டிய அப்பு. அது தண்ணிய உறிஞ்சி அடுத்த வருசமும் உனக்கு இதே வேலையக் குடுக்கும். சும்மா இருக்க வேண்டாம் பாரு.

ஓட்டைக்கு ரெசின் கலக்கப்போறியா? அப்போ கேலிய நிறுத்திக்கிடுதேன், கேளு. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேராக் கலந்துராத. வெடிக்கும். கோபால்ட்ட ரெசின்ல ஊத்தி நல்லாக் கலக்குன பொறவுதான் கேட்டலிஸ்ட்டு. அதுவும் 100 கிராமுக்கு ஒண்ணு, ரெண்டு கிராம். கண்ணுல ஒரு சொட்டு தெறிச்சா பார்வைக்கே மோசம். பிள்ளைகள அந்தப் பக்கமே விடாத.

சரி, டப்பாவுக்கு வருவோம். டூ பேக் பியூ பெயின்ட் வாங்கியிருக்க, நல்ல சாமான்தான். ஸ்பிரே துப்பாக்கியில அடிச்சா அந்தப் புகையில இருக்க ஐசோசயனேட்டு நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துக்கிடும். சாதாரண முகமூடிக்கு அது அடங்காது. ஒருத்தன் ரோலர்ல உருட்ட, பின்னாலயே ஒருத்தன் பிரஷ் நுனியால இழுத்துவிட்டா போதும். துணைக்கு என்னப் பாக்காத, எனக்கு இடுப்பு வலி.

ஆனா இந்தப் பெயின்ட்டு மேல்பக்கத்துக்கு. எந்நேரமும் தண்ணியில முங்கிக் கிடக்குத அடிப்பாகத்துக்கு இத அடிச்சா மறுபடியும் கொப்புளம்தான். அங்க எப்பாக்சி, அதுக்கு மேல பாசியும் சிப்பியும் ஒட்டாத செம்புப் பெயின்ட்டு. பரண்ல உங்கய்யா வச்ச பழைய டப்பா ஏதாச்சும் கிடந்தா எடுக்காத. அந்தக் காலத்துச் சரக்குல ட்ரைபியூட்டைல்டின்னு ஒரு விசம் இருந்துச்சு. அதனால கடல்ல பெண் சங்குக்கு ஆண் உறுப்பு முளைச்சு சில இடத்துல வம்சமே அத்துப் போச்சு. 2008ல சர்வதேச உடன்பாடு அமலுக்கு வந்து அதத் தடை பண்ணிட்டானுவ.

கலரு? உன் இஷ்டம்னு நினைச்சிக்கிட்டியா? அதே 2008ல நடந்த மும்பைத் தாக்குதலுக்குப் பொறவு, மாநிலத்துக்கு ஒரு நிறம்னு வச்சிருக்கானுவ. மீன்வளத்துறை ஆபீஸ்ல கேட்டுட்டு டப்பாவத் திற. பதிவு நம்பரத் தேய்க்குதுக்கு முன்னால போட்டோ எடுத்துக்கோ. இல்லேன்னா நடுக்கடல்ல கோஸ்ட் கார்டு கேக்கும்போது பெயின்ட் டப்பா பில்லக் காட்டலாம்.

பனி காஞ்ச பொறவு காலையில அடி. உச்சி வெயில்ல அடிச்சா மேல ஆடை கட்டி உள்ள வேகும், சாயங்காலம் அடிச்சா ராத்திரி ஈரத்துல பளபளப்பு செத்துரும். கச்சான் காத்து கிளம்பிட்டா தெரு மணல் பூரா உன் வள்ளத்துலதான் வந்து படியும். பூவரசு மரத்துக் காக்காவுக்கு நான் பொறுப்பில்ல.

டூ பேக்கு தொட்டுப் பாத்தா மறுநாளே காஞ்சாப்ல இருக்கும். முழுசா இறுக ஒரு வாரம் வேணும். அதுவரைக்கும் தண்ணியில இறக்காத, எவன் கேட்டாலும் குடுக்காத. நான் கேட்டாலும்தான்.