வயிற்றெரிச்சலும் மலைப்பூண்டும்

கொடைக்கானலில் குடியிருப்பவனுக்கு யார்மேல் பொறாமை வரப்போகிறது என்று கீழ்நாட்டு நண்பர்கள் கேட்பார்கள். நட்சத்திர ஏரிக்கரையில் பங்களா வைத்திருப்பவர்மேல் எனக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு பிளம்ஸ் மரம்தான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

என் வீட்டிலும் ஒரு மரம் நிற்கிறது. பூக்கும், உதிர்க்கும், அத்தோடு சரி. பக்கத்து வீட்டுக்காரர் மரமோ கிளை ஒடியக் காய்க்கிறது. போன சீசனில் ஒரு பை நிறையக் கொண்டுவந்து, "இந்த வருசம் காய்ப்பு ஜாஸ்தி சார், வீட்டுக்கு எடுத்துக்கிடுங்க" என்றார். நன்றி சொல்லியிருக்கலாம். "புளிக்குமே!" என்றேன். புளிக்கவில்லை. ராத்திரிக்குள் பை காலி.

2018-ல் குறிஞ்சி பூத்தபோது இதைவிடக் கேவலம். கடனில் வாங்கிய புதுக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்; மூடுபனியை மட்டும் விதவிதமாக எடுத்து வந்தேன். கூட வந்த நண்பர் செல்போனில் எடுத்த படம் ஒரு பத்திரிகையில் வந்தது. "பிரமாதம்ப்பா, வெளிச்சம்தான் கொஞ்சம்..." என்று இழுத்தேன். தமிழில் பொறாமை பேசத் தொடங்கினால் அந்தத் ‘தான் கொஞ்ச’த்தில்தான் தொடங்கும்.

பொறுக்க முடியாமைதான் பொறாமை. வள்ளுவர் இதற்கு ‘அழுக்காறாமை’ என்று தனி அதிகாரமே ஒதுக்கிப் பத்துக் குறளில் கண்டித்திருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கினேன். பக்கத்துப் பையன் என்னைவிட அதிகம் வாங்கினான் என்று அன்றைக்கும் சாப்பிடவில்லை. நூல்களில் எந்தச் சொல் இருந்தாலும், வீட்டில் புழங்குவது வயிற்றெரிச்சல்தான். வைத்தியர்கூட இவ்வளவு சரியாக இடம் காட்ட மாட்டார். ஆனால் அந்தச் சொல் அடுத்தவருக்கு மட்டுமே. அவருக்கு வந்தால் வயிற்றெரிச்சல், காய்ச்சல், கொள்ளிக்கண். எனக்கு வந்தால் ஆதங்கம்.

சாமிக்கும் இதே சலுகை உண்டு. ஞானப்பழம் அண்ணனுக்குப் போய்விட்டதென்று முருகன் பழனிக்கு வந்து நின்றதைக் ‘கோபம்’ என்றுதான் சொல்கிறோம், வேறு பெயர் வைக்க யாருக்கும் துணிச்சலில்லை. இங்கே குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால், மேகம் விலகிய நாளில் கீழே பழனி தெரியும். அங்கே நிற்கும்போதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். போனது ஒரே ஒரு பழம். ஈடாக மலை கிடைத்தது, காவடி கிடைத்தது, விருப்பாச்சி வாழைப்பழம் பிசைந்த பஞ்சாமிர்தம் காலகாலத்துக்கும் கிடைத்தது. நானும் கோபித்துக்கொண்டு ஒரு வேளை பட்டினி கிடந்து பார்த்தேன். வீட்டில் என் பங்கு இட்லியையும் பையன் சாப்பிட்டுவிட்டான்.

2019-ல் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு வாய்த்தது இரண்டாவது. வயிற்றுக்கு நல்லதென்று பூம்பாறையில் விளைந்த மலைப்பூண்டை நெருப்பில் சுட்டுத் தின்கிறேன். வாயு அடங்குகிறது, எரிச்சல் அப்படியே இருக்கிறது.

அடுத்த குறிஞ்சி 2030-ல் பூக்க வேண்டும். தாராளமாக வாருங்கள். பனியில்லாமல் படம் கிடைத்துவிட்டால், எனக்கு மட்டும் அனுப்பிவைக்க வேண்டாம்.