குழியண்ணன்

எங்கள் திருத்தணியில் அவரைக் குழியண்ணன் என்பார்கள். அடுத்தவனுக்குக் குழி பறிக்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது. சொல்லப்போனால் எதற்காகவும் அவர் குழி பறித்ததில்லை. மரம் நடும் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ஆளாக வந்து, எங்கெங்கே குழி பறிக்கவேண்டும் என்று சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போடுவார். அவ்வளவுதான். வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம். மார்கழியில் கோலம் போடுகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்குள் கடப்பாரையை இறக்க நமக்கே மனசு வராது. சில வட்டங்களில் கடைசிவரை யாரும் இறக்குவதுமில்லை.

வாரத்தில் ஆறு நாளும் சென்னைக்குப் போய்வரும் சீசன் டிக்கெட் ஆசாமி. விடியற்காலை ரயிலில் போனால் ராத்திரி ரயிலில்தான் வருவார். ஏழாவது நாளாவது மனுஷனுக்குத் தூக்கம் வேண்டாமா? வேண்டாம். ஞாயிறு காலை நாலரை மணிக்கு நாற்பது பேருக்குப் போன் போட்டுவிடுவார். "தம்பி, எழுந்தாச்சா? பூமித்தாய் கூப்பிடறா." பூமித்தாய் கூப்பிட்டால் போகாமல் இருந்துவிடலாம். இவர் கூப்பிட்டால் முடியாது. எடுக்கிறவரை அடிப்பார். எடுக்காவிட்டால் வீட்டுக்காரம்மா நம்பருக்கு அடிப்பார்.

அவருடைய உடுப்பைத் தனியாகச் சொல்லவேண்டும். பத்து வருஷமாக அண்ணன் காசு கொடுத்துச் சட்டை வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை. எல்லாம் நிகழ்ச்சிகளில் கொடுத்த டீ-சர்ட்டுகள். ஆமை நடை, ஏரி சுத்தம், நெகிழி ஒழிப்பு மாரத்தான் (ஓடவில்லை, சட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்). நெஞ்சில் 'மரம் நடுவோம்' என்றிருக்கும். முதுகு, பணம் கொடுத்தவர்களுக்கு. ஒரு சட்டையின் முதுகில் 'ஏரிக்கு மிக அருகில் வீட்டுமனைகள்' என்ற விளம்பரம். எவ்வளவு அருகில் என்பது மழைக்காலத்தில்தான் தெரியும். ஏரியே மனைக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போகும். கழுத்தில் ஒரு விசில், தலையில் அகலத் தொப்பி, கையில் ரப்பர் கையுறை. அந்தக் கையுறை கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி, மடிப்புக் கலையாமல் வந்து மடிப்புக் கலையாமல் வீட்டுக்குத் திரும்பும்.

இனி ஊரின் வெயில். சூரனோடு பொருத முருகன் சினம் தணிந்து நின்ற மலை என்பதால் இது தணிகை. சாமிக்குச் சினம் தணிந்தது. வெயிலுக்குத் தணியவில்லை. கோடையில் நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்களை டிவியில் வாசித்தால், வேலூரோடு முட்டி மோதிக்கொண்டு எங்கள் ஊர் வந்துவிடும். இந்த ஊரில் மரம் நட அண்ணன் தேர்ந்தெடுக்கும் சுபமுகூர்த்தம் ஜூன் 5. உலகச் சுற்றுச்சூழல் நாள். 1972இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய தேதி அது. மறுவருஷத்திலிருந்து உலகமே கொண்டாடுகிறது. ஸ்டாக்ஹோமில் அன்றைக்கு இதமாக இருந்திருக்கும். எங்களுக்கு அக்னி நட்சத்திரம் முடிந்து, பின்னேழு நாளும் அப்போதுதான் கழிந்திருக்கும். மண் ஓட்டாஞ்சில்லு மாதிரி கிடக்கும். கடப்பாரை பட்டால் 'ணங்' என்று கோயில் மணிச் சத்தம் வரும்.

அதை விட்டால் ஜூலை முதல் வாரம், வனமகோத்சவம். 1950இல் உணவு, வேளாண் அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி தொடங்கிவைத்தது. வடக்கே அது மழை பிடிக்கிற காலம். எங்கள் அடைமழை ஐப்பசியில் அல்லவா வருகிறது?

"அண்ணே, புரட்டாசியில நட்டா என்ன? ஐப்பசி மழை பாத்துக்குமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"புரட்டாசியில என்ன நாள் இருக்கு?"

"பெருமாளுக்குச் சனிக்கிழமை இருக்கு."

"அதுக்கெல்லாம் பேனர் அடிக்க முடியாது தம்பி."

நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் மறைந்தபோது, கலாம் சொன்ன சொல்லுக்காக ஒரு கோடி மரம் என்று கிளம்பிய மனிதராயிற்றே என்று ஊரூராக அவர் நினைவில் கன்று நட்டார்கள். அண்ணனும் நட்டார். அழுதுகொண்டேதான் நட்டார், அந்தத் துக்கம் மெய். ஏப்ரல் வெயிலும் மெய்.

நடுவது ஒரு பக்கம் என்றால், பிடுங்குவது இன்னொரு பக்கம். எங்கள் பக்கத்தில் வேலிக்காத்தான் என்போம். தெற்கே சீமைக்கருவேலம். 1877இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் வெள்ளைக்கார வனத்துறை விதைத்தது. அப்போது அதுவும் சென்னை மாகாணம்தான். ஆந்திராவோடு போயிருந்த திருத்தணியை ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்க்கவைத்தார்கள். வேலிக்காத்தானைத் திருப்பி அந்தப் பக்கம் அனுப்ப மட்டும் ஒரு தலைவரும் கிடைக்கவில்லை. கிளையை வெட்டினால் பக்கத்தில் நாலாகத் துளிர்க்கும். வேரோடு தோண்டினால்தான் போகும். நெற்றைத் தின்கிற ஆடுமாடு போகிற இடமெல்லாம் விதைத்துக்கொண்டே போகும். 2017இல் அரியலூரில் ஒரு நீதிபதி, ஜாமீன் கேட்டு வந்தவர்களிடம் நூறு மரம் வெட்டிவிட்டு வா என்று நிபந்தனை போட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குக் கொடுக்கிற வேலையை நாங்கள் ஒரு குற்றமும் செய்யாமல், சொந்தச் செலவில் டீ குடித்துவிட்டுச் செய்கிறோம்.

முள் இருந்தால் அது வேலிக்காத்தான் என்பது அண்ணனுடைய தாவர சாஸ்திரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் பின்பக்கச் சரிவில் விசிலை ஊதி, "அந்தப் புதரைச் சுத்தம் பண்ணுங்க" என்றார். கல்லூரிப் பிள்ளைகள் பாதி வெட்டியாயிற்று. ஆடு ஓட்டிவந்த கிழவி ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். வெட்டியது சூரையும் காரையும். பழம் பறவைக்கு, அடி நிழல் கௌதாரிக்கு. இங்கே காடு என்றாலே இந்தப் புதர்தான். துரிஞ்சியும் வெப்பாலையும் சூரையும் பின்னிக்கிடக்கிற முள்காடு. கேரளத்துப் படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தரிசாகத் தெரிகிறது. கிழவி எல்லைப் பக்கத்துத் தெலுங்கில் இன்னொன்றும் கேட்டாள்: "போயினேடு நாட்டின செட்டு யாட சார்?" போன வருஷம் நட்ட செடி எங்கே சார் என்று. அண்ணனுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியவில்லை.

இந்த இடத்தில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் எங்களைப் பார்த்த பார்வையையும் சொல்லவேண்டும். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. ஒருநாள் வாய்க்கால் வேலை முடித்துப் பொழுதுபோக்குக்கு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். நான் கடப்பாரையோடு மல்லுக்கட்டி ஒன்றரை அடி இறங்கியிருந்தேன். கையில் மூன்று கொப்புளம். "சார், கம்பியத் தூக்கினா போதும், அதுவே விழும். நீ ஏன் கூடவே விழறே?" என்றாள் ஒருத்தி. பிறகு பொறுக்கமாட்டாமல் வாங்கிக்கொண்டாள். நாலு குத்து. மம்பட்டியால் ஓரம் வெட்டி, மண்ணை அன்னக்கூடையில் வாரிக் கொட்டினாள். ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்துக்குள் குழி தயார். அண்ணன் ஓடிவந்து அந்தக் குழிக்குப் பக்கத்தில் குனிந்து, மம்பட்டியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். குழி பறித்தவளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார், நிழல் விழுகிறதாம்.

விதைப்பந்து ஒரு வருஷம் ஓடியது. ஜப்பானில் இயற்கை விவசாயி ஃபுகோகா சொன்னார் என்று களிமண்ணும் எருவும் விதையும் சேர்த்து ஆயிரம் உருண்டை உருட்டி, படிக்கட்டு ஓரமாக வீசினோம். மலைக்குரங்குகள் பிரசாதம் என்று நினைத்து எடுத்தன. முகர்ந்தன. எங்கள்மேலேயே திருப்பி வீசின. குறி அவற்றுக்கு நன்றாக இருந்தது.

ஆனால் அண்ணனுடைய உச்சம் 'படிக்கு ஒரு மரம்'. மலைக்கு 365 படி, வருஷத்துக்கு 365 நாள், ஆகவே 365 கன்று. லீப் வருஷத்துக்கு ஒன்று ஸ்பேர். டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவுக்குப் பிறகு அறிவித்தார். புத்தாண்டுக்கு வெள்ளைக்கார துரைகளைப் பார்க்கப் போகிறவர்களைத் திருப்பி, துரைக்கெல்லாம் துரை இங்கே இருக்கிறார் என்று மலையேற வைத்தவர் வள்ளிமலை சுவாமிகள். அந்த வழக்கப்படி ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் ஏற்றி, பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். விடிந்து பார்த்தால் படியெல்லாம் சூடம் மடித்துவந்த பிளாஸ்டிக் உறை. பக்தி மேலே போய்விடும், உறை கீழே நிற்கும். ஜனவரி முதல் தேதி அதைப் பொறுக்குவதுதான் எங்கள் குழுவின் புத்தாண்டு. அண்ணன் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு வழிமுழுக்கப் பேசிக்கொண்டே வந்தார்: மாநிலத்தில் காடும் மரமும் 23.7 சதவீதம், பத்து வருஷத்தில் 33 ஆக்கவேண்டும் என்று 2022இல் அரசு திட்டம் போட்டிருக்கிறது, மிச்சத்தை நாம்தானே பார்த்துக்கொள்ளவேண்டும்? நாங்கள் தலையாட்டினோம். 365க்கு வனத்துறை நாற்றங்காலில் கன்று வாங்கியதும் அவர்தான், வண்டி பிடித்ததும் அவர்தான், நாற்பது பேருக்கு வெண்பொங்கலும் வடையும் சொன்னதும் அவர்தான். இதை எழுதாவிட்டால் எனக்குப் பாவம் சேரும்.

நட்டோம். பிறகு யாரும் போகவில்லை.

இந்த மலைக்கு முதன்முதலில் செடி நட்ட தன்னார்வலர் இந்திரன். சூரனிடம் இழந்ததெல்லாம் திரும்பக் கிடைக்க, இங்கே ஒரு சுனையில் கருங்குவளை வைத்தான், காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் அதில் பூ எடுத்துப் பூசித்தான் என்கிறது தலபுராணம். நான் கவனிப்பது பூவை அல்ல, வேளைக் கணக்கை. தேவலோகத்திலிருந்து ஒருத்தன் நாளைக்கு மூன்று தரம் வந்து பார்த்திருக்கிறான். எனக்குச் சரவணப் பொய்கைத் தெருவிலிருந்து போக முடியவில்லை.

முடிகிற இடங்களும் உண்டு. சென்னைக் கோட்டூர்புரத்தில் குப்பை மேடாகக் கிடந்த இடத்தை 2006லிருந்து நிழல் அமைப்பினர் மரப்பூங்காவாக்கியிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் களை எடுக்கவும் தண்ணீர் விடவும் ஆள் வந்துகொண்டே இருக்கிறது. திருவண்ணாமலையில் 1980களின் கடைசியிலிருந்து மலையில் மரம் வைக்கிறார்கள். கோடைக்கு முன்னால் வருஷம் தவறாமல் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். நெருப்பு என்றால் ராத்திரியிலும் மலையேறுகிறார்கள். அண்ணனை ஒருமுறை கோட்டூர்புரத்துக்கு அழைத்துப் போனேன். கையில் களைக்கொத்தைக் கொடுத்து ஒரு மூலையைக் காட்டினார்கள். ஒன்றரை மணி நேரம் குனிந்தே இருந்தார். ரயிலில் திரும்பும்போது, "நல்லாத்தான் பண்றாங்க. ஆனா பேனர் இல்ல, சீஃப் கெஸ்ட் இல்ல. எப்படி இத்தனை வருஷம் ஓட்டறாங்க?" என்று கேட்டார். நடுவில் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். முதல் கொப்புளம்.

படிக்கு ஒரு மரத்தில் இன்றைக்கு நிற்பது ஒன்று. புங்கன். அடிவாரத்தில், வெண்பொங்கல் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கை கழுவிய இடம். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் பந்தி அங்கேதான் நடந்தது, கையும் அங்கேதான் கழுவினோம். மற்ற 364க்கும் நாங்கள் மாலை போட்டோம், பெயர் வைத்தோம், படம் எடுத்தோம். இதற்கு எச்சில் தண்ணீர்தான் கொடுத்தோம். இப்போது என்னைவிட இரண்டடி உயரம்.

போன மாதம் அதில் அண்ணனுடைய பெயர்ப்பலகை ஏறியிருந்தது, நாலு அங்குல ஆணியில். ஆணியை நான் பிடுங்கிவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் பலகையைச் சணல் கயிற்றில் கட்டியிருக்கிறார், அடியில் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்.