பனிக்கு எந்த வெள்ளை?

கே: நீர்வண்ணத்தில் பனி வரைய எந்த வெள்ளை வாங்குவது?

ப: எதுவும் வேண்டாம். காகிதம்தான் வெள்ளை, பனி உள்ள இடத்துக்குத் தூரிகை போகாதிருந்தால் போதும். அந்தக் காசை நல்ல தாளில் போடுங்கள்: முழுப் பருத்தி, 300 ஜிஎஸ்எம். வெள்ளை வேண்டியே தீருமென்றால், 1834-இல் வின்சர் அண்ட் நியூட்டன் என்ற வண்ண நிறுவனம் கொண்டுவந்த 'சைனீஸ் ஒயிட்' இருக்கிறது. பெயரில்தான் சீனா, உள்ளே துத்தநாகம். கடைசியில் கிளை நுனிக்கு ஒரு பொட்டு வைக்கலாம், அவ்வளவே.

கே: அப்படியே விட்டால் வெற்றுத்தாளாகத்தானே தெரிகிறது?

ப: நிழல் போடவில்லை, அதனால்தான். பனி ஓவியத்தின் உயிரே நிழல். வெயில் படாத பனிக்கு வெளிச்சம் தருவது வானம். வானம் தெளிந்திருந்தால் நிழலும் நீலம். கோபால்ட் நீலத்தை நீர்க்கக் கரைத்து ஒரே வீச்சில் இழுங்கள். காய்ந்தால் வெளுக்கும் என்பதால் கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கட்டும். மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி நிழல் வளையவேண்டும். நேர்க்கோடாகப் போட்டால் தரை தட்டையாகிவிடும். மேகமூட்டம் என்றால் அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல். பிரெஞ்சு ஓவியர் மோனேயின் 'மேக்பை' படத்தைத் தேடிப் பாருங்கள். எண்ணெய் வண்ணம்தான், ஆனாலும் வேலி நிழலின் நீலம் பெரிய பாடம். 1869-இல் பாரிஸ் சலோன் கண்காட்சி ஏற்க மறுத்த படம் அது!

கே: உப்புத் தூவினால் பனி கொட்டுவதுபோல வருமாமே?

ப: வரும். ஈரத்தின் பளபளப்பு அடங்கும் நேரத்தில் வானத்தில் மட்டும் ஒரு சிட்டிகை. காய்ந்ததும் தட்டிவிடுங்கள்.

கே: பனியில் உட்கார்ந்தே வரைய முடியுமா?

ப: தூரிகையிலேயே தண்ணீர் உறையும். சிலர் தண்ணீரில் வோட்கா கலப்பார்கள். துருவப் பயணி ஸ்காட்டுடன் அண்டார்க்டிகா சென்ற மருத்துவர் எட்வர்ட் வில்சன் வெளியே பென்சிலால் கோடு போட்டு, எங்கே என்ன நிறம் என்று பக்கத்தில் எழுதிக்கொள்வார். குடிலுக்குத் திரும்பித்தான் வண்ணம். பனியின் ஒளிக் கூச்சத்தில் பார்வை மங்கி வலியில் துடித்திருக்கிறார், மீண்டும் வரைந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் அளவற்ற மரியாதை.

கே: பனியையே பார்த்ததில்லை. புகைப்படம் போதுமா?

ப: போதும், ஒரு எச்சரிக்கையோடு. கேமரா வெளிச்சத்தைச் சராசரியாக்குவதால் வெண்பனி அழுக்குச் சாம்பலாகப் பதியும். கோடுகளைப் படத்திலிருந்து எடுங்கள், வெளிச்சத்தை எடுக்காதீர்கள்.