பயத்துக்கு ஆப்ப சோடா

வாடே பேராண்டி, திண்ணையில உக்காரு. மேடையில ஏறுனா காலு வெடவெடங்குதுன்னு எவன்கிட்டயோ ஆயிரம் ரூவா குடுத்து மந்திரிச்ச கயிறு கட்டியிருக்கியாமே! நல்லாக் கட்டிக்க. நான் சிரிக்கலடே, மீசை தானாத் துடிக்கு.

உன் அத்தை மவ சைக்காலஜி படிக்கால்ல, அவ ஒரு கதை சொன்னா. அமெரிக்காவுல இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துல கார்டன் பால்னு ஒரு ஆளு. ஒன்னைய மாதிரி மேடைன்னா நடுங்குத காலேஜ் பிள்ளையளக் கூட்டியாந்து கூறு போட்டாரு. 1966-ல அதப் புஸ்தகமாவும் போட்டுட்டாரு.

ஒரு கூட்டத்துக்கு வைத்தியமே கெடையாது. இன்னொரு கூட்டத்துக்கு, "எதனால பயப்படுதே"ன்னு மனசத் தோண்டிப் பாக்குத பேச்சு. அடுத்த கூட்டத்துக்கு, "பதட்டத்தச் சட்டுனு அமத்தும்"னு ஒரு மாத்திரை; கூடவே, விண்வெளி வீரருக்குப் பயிற்சி குடுக்குத டேப்புன்னு சொல்லி ஒரு சத்தம். மாத்திரைக்குள்ள என்ன தெரியுமா? ஒங்க ஆச்சி மாவுல போடுத ஆப்ப சோடா! டேப்பக் கேட்டா கொட்டாவிதான் வரும்.

கடைசிக் கூட்டத்துக்கு ஜோசப் வோல்ப்னு ஒரு டாக்டர் காட்டுன வழி. ஒடம்பத் தளர்த்திக்கிட்டு, சின்னப் பயத்துல ஆரம்பிச்சுப் பெரிய பயம் வரைக்கும் ஒண்ணொண்ணா மனசுல கொண்டாந்து பாக்கணும். வைத்தியம் பாத்த மூணு கூட்டத்துக்கும் அஞ்சே தடவதான்.

சும்மா இருந்தவன்ல நூத்துக்கு 17 பேரு தேறுனான். சோடா மாவு தின்னவன்ல 47. மனசத் தோண்டுன கூட்டத்துல? அங்கயும் அதே 47! படிச்ச வைத்தியரும் ஆப்ப சோடாவும் ஒரே மார்க்கு. வெளிய சொல்லாத, கோவிச்சுக்கிடுவாக. படிப்படியாப் போனவன் மட்டும் நூத்துக்கு நூறு.

அதனால கயிறு கட்டுனவன முழுப் பொய்யன்னு நான் சொல்ல மாட்டேன். "சரியாப் போயிரும்"னு ஒருத்தன் அடிச்சுச் சொன்னா பாதிப் பேருக்குப் பயம் கொறையத்தான் செய்யுது. ஆனா அதுக்கு ஆயிரம் ரூவா எதுக்குடே? சோடா மாவு பத்து ரூவாய்க்குக் கெடைக்கே!

இன்னைக்கு ஆச்சி முன்னால நின்னு பேசு. நாளைக்கு டீக்கடையில நாலு பேருக்குப் பேசு. பெறவு நூலகத்துல பேசு. மேடை எங்கயும் ஓடிப் போயிராது.

போகும்போது எனக்கு ஒரு கட்டு வெத்தல வாங்கி வச்சிட்டுப் போ. ஓசியில சொன்ன புத்தி ஒங்களுக்குப் பலிக்காதே!